கண்மாய் வண்டலில் தங்கும் கன உலோகங்கள்

பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றியதும் உள்வாயில் வண்டல் அள்ளும் வேலை தொடங்குகிறது. விருதுநகர் மாவட்டத்து விவசாயிகளுக்கு இது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். முன்னாளில் மாட்டு வண்டியில் சென்ற மண் இந்நாளில் டிராக்டரிலும் டிப்பரிலும் செல்கிறது. 2017-ஆம் ஆண்டு முதல் அரசே விவசாயிகள் கட்டணமின்றி வண்டல் எடுத்துக்கொள்ள இடமளித்தது. 2024-இல் அதற்கான அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே பெறலாம் என்று முறை எளிதாக்கப்பட்டது. கண்மாயின் கொள்ளளவு பெருகுகிறது, நிலத்திற்கும் எரு கிடைக்கிறது. இதனை நாம் முழுமனத்தோடு வரவேற்கிறோம்.

ஆயினும், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் வட்டாரங்களில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழிற்சாலைகளுக்குக் கீழ்ப்புறம் அமைந்த கண்மாய்களைப் பொறுத்தவரை ஒரு கேள்வி எழுகிறது. அந்த வண்டலில் என்ன இருக்கிறது? வயலில் பரப்பிய பின் இக்கேள்வியைக் கேட்டுப் பயனில்லை. பரப்பிய மண்ணைத் திரும்ப எடுக்க இயலாது. ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்களும் ஆயக்கட்டு விவசாயிகளும் இதன் காரண காரியங்களை அறிந்திருத்தல் அவசியம் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

உலோகம் எங்கிருந்து வருகிறது?

கொல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-ஆம் ஆண்டையொட்டி இங்கே அத்தொழிலுக்கு வித்திட்டனர். 1940-க்குப் பின் பட்டாசுத் தொழில் தழைத்தது. அட்டைக்கும் லேபிளுக்கும் வேண்டி அச்சுத் தொழில் உடன் வளர்ந்தது. மழை குறைந்த இப்பூமியில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு இம்மூன்று தொழில்களே சோறிடுகின்றன. தொழிலைப் பழிப்பது நம் நோக்கமன்று. அத்தொழிலில் புழங்கும் பொருள்களின் குணத்தைத் தெரிந்துகொண்டால்தான் அவை தண்ணீரில் சேராமல் காக்க முடியும்.

வாணவேடிக்கையின் ஒவ்வொரு நிறத்திற்கும் ஓர் உலோகம் காரணமாகும். பச்சை ஒளி பேரியத்தால் வருவது; தொழிலாளர் பேரியம் நைட்ரேட்டைப் 'பச்சை உப்பு' என்றே அழைப்பர். சிவப்பு ஸ்ட்ரான்ஷியத்தால் வருகிறது, நீலம் தாமிரத்தால். கண்ணைப் பறிக்கும் வெண்ணிற ஒளிக்கு அலுமினியப் பவுடர். இவற்றோடு வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் ஆகியவை சேரும். தீக்குச்சி மருந்திலும், பெட்டியின் பக்கத்தில் பூசும் மருந்திலும் ஆண்டிமனி, குரோமியம் ஆகியவற்றின் சேர்மங்கள் புழங்கி வந்திருக்கின்றன. அச்சு மையின் பழைய மஞ்சள், சிவப்பு வண்ணங்களில் காரீயமும் குரோமியமும் இருந்தன.

உச்ச நீதிமன்றம் 2017 ஜூலை 31 அன்று பட்டாசுகளில் காரீயம், பாதரசம், ஆர்செனிக், ஆண்டிமனி, லித்தியம் ஆகிய ஐந்தையும் சேர்க்கக் கூடாது என ஆணையிட்டது. 2018 அக்டோபர் 23 அன்று பேரியம் உப்புகளையும் தடை செய்தது. 2021-இலும் 2023-இலும் அத்தடையை வலியுறுத்தியது. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் வகுத்துத் தந்த பசுமைப் பட்டாசு முறை 2019 முதல் நடைமுறைக்கு வந்தது. இவை யாவும் இனி வரவிருப்பதைத் தடுப்பனவே. முன்பே வந்து சேர்ந்தது எங்கும் போய்விடவில்லை. சாணமும் தழையும் மக்கி மறையும். பூச்சி மருந்துகளிலும் பல காலப்போக்கில் சிதைந்துபோகும். காரீயமும் காட்மியமும் தனிமங்களாதலால் அவற்றைச் சிதைக்க வெயிலாலும் ஆகாது, கிருமிகளாலும் ஆகாது. இடம் மாறும், வடிவம் மாறும், அவ்வளவே.

பழி முழுவதையும் பட்டாசின் மேல் போடுவதும் நியாயமாகாது. நகரச் சாக்கடை, பழைய பாட்டரி உடைக்கும் இடங்கள், மோட்டார்ப் பட்டறைகள், வண்ணப் பூச்சு ஆகியவற்றிலிருந்தும் உலோகங்கள் வருகின்றன. 2000-ஆம் ஆண்டில் நிறுத்தப்படும் வரை பெட்ரோலிலும் காரீயம் கலந்திருந்தது. விருதுநகர் நகரத்துக் கழிவுநீர் கௌசிகா நதி வழியே குல்லூர்சந்தை அணைக்குச் செல்கிறது. அங்கே பட்டாசு மருந்தைத் தேடுவதைவிடச் சாக்கடையோடு வரும் துத்தநாகத்தையும் தாமிரத்தையும் முதலில் தேடுவது பொருத்தமாகும்.

தொழிற்சாலையிலிருந்து மருந்து வெளியேறும் வழிகள் பல. மருந்துக் கலவை செய்யும் அறைகளின் தளத்தையும் பாத்திரங்களையும் நீர் விட்டுக் கழுவுகிறார்கள். உராய்வினால் தீப்பற்றாதிருக்க இது இன்றியமையாதது. இதனைக் குறைக்குமாறு எவரும் சொல்லலாகாது. ஆனால் கழுவிய நீர் வாசலைத் தாண்டி ஓடைக்குப் போகிறதா, தொட்டியில் தங்குகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். கழிவு மருந்தையும் உதவாத வெடிகளையும் திறந்த வெளியில் எரிக்கும்போது எஞ்சும் சாம்பல் மழையில் கரைந்து ஓடுகிறது. தரம் பார்க்க வெடித்துப் பார்க்கும் திடல்கள் உள்ளன. தொழிலாளரின் கைகால்களிலும் உடைகளிலும் ஒட்டிய மருந்து வீட்டுக் கழிவுநீரில் சேருகிறது. இவை தனித்தனியே அற்பம். எழுபது எண்பது ஆண்டுகளின் கூட்டுத்தொகை அற்பமன்று.

நீர், சேறு, செடி

பஞ்சாயத்தில் ஐயம் எழுந்தால் ஒரு பாட்டில் தண்ணீரை மட்டும் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது வழக்கமாக இருக்கிறது. முடிவு நன்றாக வந்தால் எல்லாரும் நிம்மதியடைகிறார்கள். இது போதாது. உலோகங்களில் மிகப் பெரும் பகுதி நீரில் கரைந்து நிற்பதில்லை. களிமண்ணின் நுண்துகள்கள், மக்கிய தழை, மண்ணிலுள்ள இரும்புத் துரு ஆகியவை அவற்றைப் பற்றிக்கொண்டு அடியில் படிகின்றன. மேலே நீர் தெளிவாகவும் சட்டத்தின் அளவுக்குள்ளும் இருக்க, அடிச்சேற்றில் அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு உலோகம் இருக்கலாம்.

நம் கரிசல் பூமி இவ்விஷயத்தில் ஒரு நன்மையும் செய்கிறது. அதில் களிமண்ணும் சுண்ணாம்பும் மிகுதி. காரத் தன்மையும் உண்டு. ஆகையால் காரீயம், காட்மியம், தாமிரம் யாவும் இறுகப் பிடிபடுகின்றன, எளிதில் பயிருக்கு ஏறுவதில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் செவல் நிலத்தில் இந்தப் பிடிப்புக் குறைவு. பேரியத்தின் நடத்தை இன்னும் விசித்திரமானது. பச்சை உப்பு நீரில் கரையும் நஞ்சு. உடலிற் சென்றால் தசைகளைத் தளர்த்தி இருதயத் துடிப்பைக் குலைக்கும். ஆனால் நீரிலுள்ள சல்பேட்டோடு கூடியதும் கரையாத பேரியம் சல்பேட்டாக மாறி அடியில் விழுந்துவிடுகிறது. இந்தப் பேரியம் சல்பேட்டைத்தான் வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கரையாததால் கெடுதல் செய்வதில்லை. ஆகவே 'பேரியம் இருக்கிறது' என்று சோதனை சொன்னால் மட்டும் போதாது. எவ்வடிவில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இவ்வட்டாரத்துக் கண்மாய்கள் ஆண்டுதோறும் காய்வன. ஈரச் சேற்றில் காற்றுப் புகாமையால் உலோகங்கள் கந்தகத்தோடு பிணைந்து அசையாமல் கிடக்கின்றன. கோடையில் சேறு வெடித்துப் பாளம் பாளமாகக் காயும்போது காற்றுப் பட்டு அப்பிணைப்பு அவிழ்கிறது. ஐப்பசியில் முதல் வெள்ளம் வரும்போது அவிழ்ந்த உலோகத்தில் ஒரு பங்கு நீரில் இறங்குகிறது. ஆகவே கண்மாய் நிரம்பிய கார்த்திகையில் எடுத்த மாதிரி நல்லதாகவும், முதல் வெள்ளத்தில் எடுத்த மாதிரி கெட்டதாகவும் வரக்கூடும். முதல் வெள்ளத்தின்போது மீன்கள் செத்து மிதப்பதைக் கண்டு உடனே நஞ்சு என்று முடிவு கட்ட வேண்டாம். அழுகிய குப்பை பிராணவாயுவை உறிஞ்சிவிடுவதே பெரும்பாலும் காரணம்.

அடுத்து நீர்ச்செடிகள். ஆகாயத்தாமரை, சம்பு, வேலம்பாசி, கோரை ஆகியவை உலோகத்தை ஈர்த்துத் தம்முள் வைத்துக்கொள்ளும். அதில் மிகுதியும் வேரிலேயே தங்கும். இலைக்கும் பூவுக்கும் செல்வது குறைவு. குறிப்பாக ஆகாயத்தாமரையின் தொங்கும் வேர்க்கற்றை வடிகட்டித் துணியைப் போல வேலை செய்கிறது. இதனைக் கேட்டுச் சிலர் ஆகாயத்தாமரையை வளர்த்தே கண்மாயைச் சுத்தம் செய்துவிடலாம் என எண்ணுகிறார்கள். செடி உயிரோடிருக்கும் வரை அது உண்மை. செத்து அழுகினால் பிடித்ததையெல்லாம் அதே சேற்றுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். பஞ்சாயத்துச் செலவில் செடியை அகற்றிக் கரையிலேயே குவித்துவிட்டு வருவதைப் பல ஊர்களில் காண்கிறோம். மழை பெய்தால் அக்குவியலின் சாறு மீண்டும் உள்வாய்க்கே வடிகிறது. அகற்றிய செடி வெள்ள மட்டத்திற்கு மேலே, நீர்வழிக்கு அப்பால் செல்ல வேண்டும். ஐயத்திற்குரிய கண்மாயின் செடியை மாட்டிற்குத் தீவனமாகவோ நிலத்திற்கு மூடாக்காகவோ இடலாகாது. எரிப்பதும் தீர்வன்று, உலோகம் சாம்பலில் செறிந்துவிடும். கம்போஸ்டு செய்வதானால் விற்குமுன்னரும் இடுமுன்னரும் சோதிக்க வேண்டும். 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கம்போஸ்டில் கிலோவுக்குக் காரீயம் 100 மில்லிகிராமுக்கும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கும், குரோமியம் 50 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது. அதே அளவுகோலைக் கொள்ளலாம்.

கண்மாய் ஓரத்தில் பறிக்கும் வள்ளைக்கீரை, பொன்னாங்கண்ணி, ஆரைக்கீரை ஆகியவையும் நீர்ச்செடிகளே. கழிவுநீர் சேரும் கண்மாயில் இவற்றைப் பறித்து உண்பதைத் தவிர்ப்பது உத்தமம். மீனிலும் வேற்றுமை உண்டு. காரீயமும் காட்மியமும் சதையைவிடச் செவுள், ஈரல், குடல் ஆகியவற்றில் மிகுதியாகச் சேரும். விராலைச் சுத்தம் செய்து சதையை மட்டும் உண்கிறோம். அயிரையை முழுதாகவே குழம்பில் இடுகிறோம், அது சேற்றில் மேய்வதும் கூட. மீன்பாசி ஏலத்தால் பஞ்சாயத்திற்கு வருமானம் உண்டென்பது நமக்குத் தெரியும். ஏலம் விடுமுன் இரண்டு மூன்று மீன்களைச் சோதிக்க ஆகும் செலவு அவ்வருமானத்தில் பெரிய பங்காகாது.

ஒரு கணக்கு

வண்டலில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் காரீயம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 20 டிராக்டர், அதாவது சுமார் 60 டன் பரப்புகிறோம். அதனுடன் நிலத்திற்குச் செல்லும் காரீயம் 18 கிலோ. ஒரு ஏக்கரில் அரை அடி ஆழத்து மேல்மண் சுமார் 850 டன் இருக்கும். அதில் இயற்கையாகக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் காரீயம் இருந்தால், உழுது கலந்தபின் அது ஏறத்தாழ 38 ஆகும். பயிரில் ஒன்றும் தெரியாது. முதல் ஆண்டில் வண்டலின் எருச்சத்தால் விளைச்சல் கூடவே செய்யும். சில ஆண்டுகள் கழித்து இரண்டாம் முறை, பின் மூன்றாம் முறை என்று பரப்பினால் 70-ஐத் தாண்டும். பயிர் எடுத்துக்கொள்வது மிகச் சொற்பம். ஆதலால் இறங்கும் வழியே இல்லை.

இந்திய மண்ணுக்கு வல்லுநர் எடுத்தாளும் எல்லை, கிலோவுக்குக் காரீயம் 250 முதல் 500 மில்லிகிராம், காட்மியம் 3 முதல் 6, தாமிரம் 135 முதல் 270, துத்தநாகம் 300 முதல் 600. மேற்சொன்ன நிலம் இவ்வெல்லையைத் தொட நெடுங்காலம் ஆகும். ஆனால் கீரை, முள்ளங்கி போன்ற பயிர்களில் இலையிலும் கிழங்கிலும் ஒட்டிய மண்ணே வீட்டிற்குள் வருகிறது. காரீயத்தில் 'இவ்வளவு வரை தீங்கில்லை' என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியே முதலில் பாதிக்கப்படுகிறது.

காட்மியத்தின் கதை வேறு. அது துத்தநாகத்தைப் போல நடந்துகொள்வதால் பயிர் ஏமாந்து ஏற்றுக்கொள்கிறது. தானியம் வரை செல்கிறது. ஜப்பானில் ஜின்சு ஆற்றின் மேற்பகுதியில் இருந்த காமியோகா சுரங்கத்தின் கழிவு ஆற்றில் கலந்து, வயல்களில் பாய்ந்து, நெல்லில் ஏறியது. அரிசியை உண்ட பெண்களின் எலும்புகள் இருமினாலே முறிந்தன. வலியால் அலறியதைக் குறித்தே அந்நோய்க்கு 'இத்தாய் இத்தாய்' என்று பெயர் வந்தது. 1968-இல் அந்நாட்டு அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது. பின்னர் கெட்ட மேல்மண்ணைக் கீழே புதைத்து, நல்ல மண்ணை மேலே பரப்பிச் சுமார் 860 ஹெக்டேர் வயலைத் திருத்தினார்கள். அவ்வேலை முடிந்தது 2012-இல்.

நம் மாநிலத்திலேயே பாடங்கள் உள்ளன. திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கி நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்திற்கு உதவாமற் போயிற்று. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளையே மூடச் சொல்ல நேர்ந்தது. கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. ஆனால் அங்குள்ள மண்ணின் பாதரசத்தைப் பற்றிய வழக்காடல் அதற்குப்பின் பல ஆண்டுகள் தொடர்ந்தது. ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து, நிலத்தடி நீரைக் கெடுத்தது. சிவகாசியின் நிலை இவற்றைப் போல என்று நாம் சொல்லவில்லை. இங்கே கழிவு ஓரிடத்தில் மலையாகக் குவியவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறிய ஆலைகளிலிருந்து துளித்துளியாக வருவதால் கண்ணுக்குப் புலப்படாமல் இருக்கிறது. திருத்துவது எளிது என்பதற்கும் அதுவே காரணம்.

சோதிக்கும் முறை

வேளாண்மைத் துறையின் மண்வள அட்டையில் பன்னிரண்டு விவரங்கள் வருகின்றன. அவற்றில் துத்தநாகம், தாமிரம், இரும்பு, மாங்கனீசு உண்டு. ஆனால் அவை பயிர்ச் சத்து போதுமா என்று பார்ப்பதற்காக அளக்கப்படுபவை. காரீயம், காட்மியம், குரோமியம், பேரியம் அந்த அட்டையில் இல்லை. ஆகவே 'மண் பரிசோதனை செய்தாயிற்று' என்பது இவ்விஷயத்தில் விடையாகாது. கன உலோகச் சோதனை என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். குடிநீருக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தையும், ஓடை, கண்மாய்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விருதுநகர் அலுவலகத்தையும் அணுகலாம். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அருப்புக்கோட்டையில் இருக்கிறது. மண் விஷயத்தில் யோசனை பெற அது அருகிலுள்ள இடம்.

மாதிரி எடுப்பதில் சிறிது கவனம் தேவை. வரத்துக்கால் வாயில், கண்மாயின் ஆழ்ந்த பகுதி, மடையருகு ஆகிய மூன்று இடங்களிலும் தனித்தனியே எடுத்துத் தனித்தனியே அனுப்புதல் வேண்டும். கலந்து அனுப்பினால் உலோகம் எப்பக்கத்திலிருந்து வருகிறது என்பது மறைந்துவிடும். இரும்பு மண்வெட்டியால் அன்றி மர அகப்பை அல்லது பிளாஸ்டிக் கரண்டியால், மேலிருந்து அரை அடி வரை எடுத்து, நிழலில் உலர்த்திப் புதிய பிளாஸ்டிக் பையில் கட்ட வேண்டும். இவற்றோடு, ஆலை எதுவும் இல்லாத மேட்டுப்புறக் கண்மாய் ஒன்றின் மண்ணும் போக வேண்டும். கரிசலில் இயற்கையாகவே சில உலோகங்கள் உண்டு. ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் எண்ணைப் பார்த்து வீணே அஞ்சுவோம் அல்லது வீணே தைரியங்கொள்வோம். நீர் மாதிரிக்கு ஆய்வுக்கூடமே அமிலம் இட்ட பாட்டில் தரும். அதைக் கழுவிவிடக் கூடாது.

குடிநீரில் இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்குக் காரீயம் 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003, குரோமியம் 0.05, பேரியம் 0.7 என்பது எல்லை. இவை நாவுக்குத் தெரியா. கொதிக்க வைத்தால் போகா. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். குளோரின் இதற்கு மருந்தன்று. பட்டாசில் சேரும் பெர்குளோரேட் என்னும் உப்பு உலோகமன்று எனினும் நீரோடு நெடுந்தூரம் செல்வது, தைராய்டு சுரப்பியைத் தாக்குவது; பட்டாசு உற்பத்திப் பகுதியின் நிலத்தடி நீரில் அது இருப்பதை 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கிணற்று நீரை அனுப்பும்போது அதனையும் சேர்த்துக் கேட்கலாம்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளன. பெரியவை நீர்வளத் துறையினுடையவை. எதுவாயினும், வரத்துக்கால் கண்மாய்க்குள் நுழையுமுன் ஒரு வண்டல் தேக்கக் குழி வெட்டி, ஓரத்தில் சம்பும் நாணலும் வளரவிட்டால், உலோகத்தைச் சுமந்துவரும் நுண்மண்ணில் கணிசமான பங்கு அங்கேயே நின்றுவிடும். முழுக் கண்மாயையும் காப்பதைவிட அக்குழியை ஆண்டுக்கொரு முறை தூர்வாருவது மலிவு. அந்த மண் வயலுக்குப் போகக் கூடாது என்பதை மட்டும் தீர்மானமாகப் பதிவு செய்தல் வேண்டும். கண்மாய்கள் சங்கிலித் தொடராக அமைந்தவை; மேற்கண்மாயின் மறுகால் கீழ்க்கண்மாயின் வரத்து, இறுதியில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் இருக்கின்றன. ஆகையால் குழி மேல் ஊரில் இருந்தால் நான்கு ஊர்களுக்கு நன்மை.

ஆலை நடத்துவோரிடம் கேட்க வேண்டியது சிறியது: கழுவிய நீருக்குத் தளம் போட்ட ஆவியாக்கும் தொட்டி, கழிவு மருந்து அழிக்கும் இடம் ஓடைக்கரையிலும் உள்வாயிலும் இல்லாமை, அச்சாலைகளின் கழிவு நீர் தெருச் சாக்கடையிற் சேராமை. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி இவற்றைக் கேட்க உரிமை உண்டு. இருப்பினும் முதலில் நேரிற் பேசிப் பார்ப்பதே நம் ஊர்களுக்கு ஏற்றது. ஆலையில் வேலை செய்பவரும் அதே கண்மாயின் ஆயக்கட்டுதாரராக இருக்கிறார்.

சோதனையில் எல்லை மீறிய வண்டலை என்ன செய்வது? பல சமயங்களில் கிளறாமல் விட்டுவிடுவதே நல்லது என்பது நம் கருத்து. கொள்ளளவு கருதி எடுத்தே தீர வேண்டுமெனில், கரையின் வெளிப்புறத்தைப் பலப்படுத்தப் பயன்படுத்தி, மேலே ஓரடி நல்ல மண்ணிட்டுப் புல் வளர்க்கலாம். எல்லைக்குக் கீழே, ஆனால் மேட்டுப்புறக் கண்மாயைவிடத் தெளிவாக மிகுந்திருக்கும் வண்டலைப் பருத்தி நிலத்திற்கு ஒருமுறை இடலாம். கீரைக்கும் கிழங்கிற்கும் நிலக்கடலைக்கும் வேண்டாம். எந்தச் சர்வே எண்ணுக்கு எத்தனை டிராக்டர் போயிற்று என்று பஞ்சாயத்து ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்வது அடுத்த முறை அள்ளும்போது உதவும். சோதனை முடிவை மார்ச் 22-ஆம் தேதி உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் படிக்கலாம். வண்டல் அள்ளும் பருவமும் ஏறக்குறைய அப்போதுதான் தொடங்குகிறது. அதற்கு மாதிரிகள் தை மாத இறுதிக்குள் ஆய்வுக்கூடம் சேர்ந்திருக்க வேண்டும்.